பின்னிருக்கைக்குப் புது உறை

ஜம்யான் கையுறையைக் கழற்றி வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பிலேயே அவனுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

"அண்ணே, இப்பத்தான் எங்கயாவது போய்ட்டு வந்தீங்களா?"

"இல்ல தம்பி. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் கொஞ்ச நேரம் ஓட விட்டு வெச்சேன்," என்றார் கோன்சிக். அறுபதை ஒட்டிய மனிதர். சுரங்கத்து முதலாளிக்குப் பல வருடம் வண்டி ஓட்டியவர். சுரங்கம் மூடியபோது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்.

"சூடான எஞ்சின பாக்கறதுக்கு நான் இவ்வளவு தூரம் வரணுமா? ராத்திரி முழுக்க வெளியில நிக்கட்டும். போர்வை போத்தாதீங்க. காலையில வந்து நானே சாவியப் போடறேன்."

கோன்சிக் சிரித்தார். "குதிர வாங்கறவன் மாதிரியே பேசறியே. சரி, வா. பல்லையும் புடிச்சுப் பாத்துக்கோ."

வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அவன் மனைவி ஹொர்லோ சொன்னாள்: "நாளைக்கு செவ்வாய்க்கிழமை."

"பாக்கத்தான போறோம். பாக்கறதுக்கு என்ன கிழம?"

அவள் வேகமாக முன்னே நடந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பால் இருந்தது. வண்டி அமைந்தால் வழக்கப்படி சக்கரங்களில் தெளிப்பதற்கு ஊரிலிருந்தே கொண்டுவந்தது. அது குளிரில் இப்போதே கட்டியாகத் தொடங்கியிருந்தது.

அவர்கள் இந்த நகரத்துக்கு வந்தது அண்டை கூடாரத்துக்காரரின் லாரியில். அவர் கம்பளி இறக்கிவிட்டு அப்படியே தலைநகருக்குப் போய்விட்டார். வண்டி வாங்கினால் அதிலேயே திரும்பலாம். வாங்காவிட்டால் எப்படித் திரும்புவது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் புல்லின் மேல் பனி இறுகிப் பூட்டிக்கொண்டது. ஆடுகள் நின்ற நிலையிலேயே செத்தன. குளம்பால் பனியை உடைத்துத் தின்னத் தெரிந்த குதிரைகள் மட்டும் மிஞ்சின. ஜம்யான் அதற்காக அழவில்லை. அதே குளிர்காலத்தில் ஒரு காலை அவன் மகன் எர்கெமுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. எப்போதும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. ஆறு வயதுப் பையனைத் தோல் போர்வையில் சுற்றி ஹொர்லோ மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜம்யான் வெளியே ரஷ்ய ஜீப்பின் வயிற்றுக்கடியில் படுத்து, உறைந்துபோன எஞ்சின் இளகட்டும் என்று தீ ஊதும் விளக்கால் எண்ணெய்த் தொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தான். ஜீப் உறுமவேயில்லை. வழி தவறிய ஒரு கம்பளி வியாபாரியின் லாரி அந்தப் பக்கம் வந்ததால் பையன் பிழைத்தான். அதற்குப் பிறகு அவன் சில சொற்களைத் தேடித் தேடித்தான் எடுக்கிறான். "குதிரை" என்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. "அம்மா" மட்டும் உடனே வருகிறது.

இதே நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: காய்ச்சல் தொடங்கினால் காத்திருக்காதே, கொண்டுவந்துவிடு.

நகரத்திலேயே குடியிருக்கலாம் என்று ஹொர்லோவின் தம்பி வீட்டுப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் பார்த்தார்கள். எல்லா வீட்டுக் கரிப்புகையும் இரவெல்லாம் தாழ்வாக நின்றது. பையன் இருமி இருமிக் காய்ச்சல் கண்டான். இளவேனிலில் மூட்டை கட்டிப் புல்வெளிக்கே திரும்பினார்கள். அங்கே காற்று சுத்தம், ஆஸ்பத்திரிதான் அரைநாள் தூரம். அந்த அரைநாளைக் கடக்க ஒரு வண்டி வேண்டும். உறைபனியில் கிளம்புகிற வண்டி. அவ்வளவுதான் ஜம்யானின் தேவை. தோல் இருக்கையும் மரப்பளபளப்பும் அவன் கேட்கவில்லை. ஆனால் குதிரைகளை விலையாக வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒரே ஆள் கோன்சிக்தான். அவரிடம் இருந்தது ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டுமே ஏறிய இந்த வெள்ளை ஜப்பான் வண்டி.

செவ்வாய் காலை மூச்சு இமையில் உறைந்தது. வண்டியின் மேல் பனித்தூள் சீராகப் படிந்திருந்தது. யாரும் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கோன்சிக் மூக்குப்பொடிச் சிமிழை வலது கையால் நீட்டினார். ஜம்யான் வாங்கி முகர்ந்து திருப்பிக் கொடுத்தான். முதலில் மரியாதை முடிந்தாக வேண்டும்.

"உள்ள உக்காரு, மந்திரி மாதிரி," என்றார் கோன்சிக். "உன் பின்பக்கம் இதுக்கு முன்னாடி சேணத்தத்தான் பாத்திருக்கும்."

ஜம்யான் உட்கார்ந்தான். தோல் கல்லாய்க் குளிர்ந்தது. சாவியைத் திருப்பினான். விளக்குகள் எரிந்ததும் ஒரு பெண்குரல் இனிமையாக, நீளமாக ஏதோ சொன்னது. ஜப்பான் மொழி.

"என்ன சொல்றா இவ?" ஹொர்லோ குனிந்து கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? அங்கத்து ரோட்டுக்கு ஏதோ அட்டை சொருகணுமாம், அது இல்லன்னு சொல்றாளோ என்னவோ. என் பொண்டாட்டிதான் தினம் அவளுக்குப் பதில் சொல்லுவா. 'சரிடி, சரிடி, தெரியும்'னுவா."

மீட்டரில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். ஜம்யான் அந்த எண்ணையே பார்த்தான். பூமியை எத்தனை முறை சுற்றியிருக்கும்?

"ரொம்ப ஓடிருச்சே அண்ணே."

"ஓடிருக்கு. சந்தையில போய்ப் பாரு, அங்க நிக்கற எல்லா வண்டியும் ஒரு லட்சம்தான் ஓடியிருக்கும். கல்யாணத் தரகர் கிட்ட எல்லாப் பொண்ணுக்கும் இருபது வயசு இருக்கற மாதிரி. நான் திருப்பல. திருப்பறதுக்கு எனக்கு ஒரு ஆட்டு விலைதான் ஆகியிருக்கும்."

அது உண்மையாக இருக்கலாம். மீட்டரைத் திருப்பாதவன் வேறொன்றைத் திருப்பியிருக்கலாம். ஜம்யான் சாவியை இறுதிவரை முறுக்கினான்.

எஞ்சின் கிழவன் எழுந்திருப்பது போல மெல்லச் சுழன்றது. ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது. ஹொர்லோ பாட்டிலை மார்போடு இறுக்கிக்கொண்டாள். மறுபடி முறுக்கினான். மெல்லச் சுழன்று, இருமி, பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து நீலப்புகை ஒரு கொத்தாக வந்து, வேலிமேல் தங்கி, பிறகு வெளுத்தது.

"நீலமா வருதே."

"எண்ணெய் கொஞ்சம் குடிக்கும். வயசானவங்க எல்லாருந்தான் குடிக்கறோம்."

"ரெண்டாவது தடவதான் புடிச்சுது."

"ராத்திரி பூரா அம்மணமா நிக்க வெச்சியே, உன்னை அப்படி நிக்க வெச்சா நீ எத்தனாவது தடவையில எழுந்திருப்ப?"

ஜம்யானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குக் குதிரையைத் தெரியும். விலாவைத் தடவினால் வயது தெரியும், கண்ணைப் பார்த்தால் குணம் தெரியும். இந்த உலோகத்தின் விலாவை எங்கே தடவுவது? பானெட்டைத் திறந்து பார்த்தான். குழாய்களும் கம்பிகளும் அவனைத் திரும்பிப் பார்த்தன. கையால் ஒரு குழாயைத் தொட்டு, ஏதோ புரிந்தவன் போல முனகிவிட்டு மூடி, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கோன்சிக்கிடமே கொடுத்தான். இந்த நீலப்புகை வண்டியை நாலு வருடத்தில் கொல்லுமா, நாலு வாரத்தில் கொல்லுமா? அதைச் சொல்லக்கூடியவர் அந்த முற்றத்தில் ஒருவர்தான் இருந்தார், அவர் விற்கிறவர்.

ஹொர்லோ பின்கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி சீட்டுத் தோலெல்லாம் வெடிச்சிருக்கு. இங்க மட்டும் புது உறை போட்டிருக்கீங்களே?"

"பின்னாடி பழசாயிருச்சு."

"முன்னாடிதான அதிகம் பழசாவும்?"

கோன்சிக் வேலிப்பக்கம் போய், நாய்க்கு எலும்பு ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

விலை பேசினார்கள். சவாரிக்கு இரண்டை வைத்துக்கொண்டு மீதி எல்லாக் குதிரைகளும். இது குளிர்கால இறைச்சிக்கு வெட்டுகிற பருவம் என்பதால் ஜம்யான் ஒன்றை மட்டும் கேட்டான்: "வெட்டறதுக்கா?"

"என் தம்பி வளப்பான். சத்தியமா."

"ஆண்குதிர மட்டும் எங்கப்பா காலத்து வம்சம்."

"தெரியும். அதனாலதான் கேட்டேன்."

கையைச் சட்டைக்கைக்குள் விட்டு விரல்களைப் பிடித்துப் பேரத்தை முடித்தார்கள். கோன்சிக் சாவியைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி நீட்டினார். அப்போதுதான் ஜம்யானுக்கு அது உறைத்தது.

வண்டியின் கண்ணாடியில் நீலப் பட்டுத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மிருகத்தை விற்கிறவன் அதன் பிடரியில் ஒரு கொத்து மயிரை வெட்டி வைத்துக்கொள்வான். அல்லது அதன் மூக்கைத் தன் அங்கியில் துடைத்துக்கொள்வான். மிருகம் போகட்டும், அதோடு வந்த நல்லகாலம் வீட்டில் தங்கட்டும் என்று. வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டுத் துணியையாவது அவிழ்த்துக்கொள்வார்கள். கோன்சிக் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, பட்ட அவுத்துக்கலையா?"

"இருக்கட்டும்."

"ஸ்டியரிங்க ஒரு தடவ துடைச்சுக்கங்க."

"வேண்டாம் தம்பி. எல்லாம் உனக்கே."

ஜம்யான் சாவியை வாங்காமல் அவரையே பார்த்தான். இத்தனை வருடம் ஓட்டிய வண்டியின் அதிர்ஷ்டத்தில் ஒரு நூலைக்கூட வைத்துக்கொள்ள விரும்பாத மனிதன். அப்படியென்றால் அதில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அல்லது இருப்பது அதிர்ஷ்டமே இல்லை.

அந்நேரம் ஹொர்லோவின் கைபேசி அடித்தது. ஜம்யானின் அக்கா டுல்மா. பையனை அவளிடம்தான் விட்டு வந்திருந்தார்கள். குன்றின் மேல் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். அவள் ஏறியிருக்கிறாள் என்றால் காரணம் இருக்கிறது.

"பயப்படாதீங்க," டுல்மாவின் மூச்சு வாங்கியது, காற்று இரைந்தது. "காலையிலேருந்து நெத்தி சுடுது. கஞ்சி குடிக்கல. வலிப்பு இன்னும் வரல. நீங்க எப்ப..."

தொடர்பு அறுந்தது. ஹொர்லோ மறுபடி அழைத்தாள், கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"ஏறு," என்றாள் ஜம்யானிடம்.

"கொஞ்சம் இரு."

"என்னத்துக்கு?"

அவன் அவளை வேலியோரம் இழுத்துப் போனான். "இந்த ஆளு பட்டக்கூட எடுத்துக்கல. பின்சீட்டுல புது உறை. புரியுதா உனக்கு? இதுல என்னமோ நடந்திருக்கு. ஏன் இந்த ஊருல ஒருத்தன்கூட வாங்கல? ஏன் நம்மகிட்ட வந்து நிக்குது?"

"வேற வண்டி வெச்சிருக்கியா நீ?"

"இதுல நம்ம புள்ளையப் படுக்க வெக்கறதா?"

ஹொர்லோ அவன் கையை உதறிவிட்டு நேரே கோன்சிக்கின் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, இந்த வண்டியில யாராவது செத்திருக்காங்களா?"

அவர் சாவியைப் பார்த்தபடி இருந்தார். நாய் எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"என் சம்சாரம்," என்றார்.

ஜம்யான் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தான்.

"ஜனவரியில. அப்ப சுரங்கத்துப் பக்கம் இருந்தோம். திங்கக்கிழம ராத்திரி வயித்துவலி. விடிஞ்சா செவ்வாய். செவெல்மா, இன்னிக்குப் பயணம் வேண்டாம்டி, நாளைக்கு விடிஞ்சதும் போயிரலாம்னு நான்தான் சொன்னேன். அவளும் சரின்னா. வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம் ரெண்டு பேரும், நல்ல நாள் வரட்டும்னு. புதன்கிழம கெளம்பினோம். உள்ள வெடிச்சுப் போச்சாம், டாக்டர் அப்புறம் சொன்னாரு. பாதி வழியில, இந்த சீட்டுலதான்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். அதனால யாரும் கிட்ட வரமாட்டாங்க. நீ தூரத்து ஆளு. சொன்னா நீயும் வாங்க மாட்ட. சொல்லாம விட்டது தப்புதான்."

"தப்பா?" ஜம்யான் கத்தினான். "என் புள்ள கதைய நேத்து உங்ககிட்ட முழுசாச் சொன்னேனே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க! நோவுல கெடக்கற புள்ளைக்குச் சாவு ஏறின வண்டியத் தள்ளி விடறீங்களே, நீங்கெல்லாம் மனுசனா?"

கோன்சிக் தலை குனிந்துகொண்டார். ஜம்யான் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றான். குதிரைகள் மிஞ்சின. வண்டி இல்லை. பஸ் நாளை மறுநாள். குன்றுகளுக்கு அப்பால் ஒரு கூடாரத்தில் நெற்றி சுடுகிறது.

ஹொர்லோ மட்டும் நகரவில்லை. "அண்ணே, அந்தப் புதன்கிழம என்ன குளிரு?"

"என்னம்மா?"

"எத்தனை டிகிரி?"

"மைனஸ் முப்பத்தெட்டு, நாப்பது இருக்கும்."

"அன்னிக்கு வண்டி கெளம்புச்சா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒரே சாவி," என்றார். "ஒரே சாவியில புடிச்சுது. போர்வைக்கடியில நின்னுக்கிட்டிருந்துச்சு, செவ்வாய்க்கிழமையும் புடிச்சிருக்கும்."

"வழியில நின்னுச்சா?"

"ஒரு தடவகூட இல்லம்மா. பனி முழங்கால் உயரம். நின்னது நான்தான். அவ மூச்சு கேக்காம போனதும் நானா ஓரங்கட்டினேன்."

ஹொர்லோ பின்கதவுக்குப் போனாள். புது உறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து அவிழ்த்தாள். உள்ளே பழைய சாம்பல்நிறத் தோல். கறை எதுவும் இல்லை. மூலையில் ஒரு இடம் மட்டும் தேய்ந்திருந்தது, யாரோ நகத்தால் பற்றிக்கொண்டிருந்தது போல. அவள் அங்கியோடு ஏறி அதில் படுத்துக் காலை நீட்டிப் பார்த்தாள். தலை ஒரு கதவையும் பூட்சு மறு கதவையும் தொட்டன.

"எர்கெமுக்குப் போதும்," என்றாள் படுத்தபடியே. "நான் கீழ உக்காந்துக்கலாம்."

"ஹொர்லோ, எந்திரி. அங்க படுக்காத."

"படுத்தாச்சு. என்ன பண்ணும்? அந்தம்மா பாவம், இது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும்னு என்னைவிட அவளுக்குத்தான் அவசரம் இருந்திருக்கும்."

ஜம்யான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளைத் திட்ட வேண்டும் போலவும், அவள் பக்கத்தில் போய் விழ வேண்டும் போலவும் இருந்தது. போன வருடம் ஜீப்பின் வயிற்றுக்கடியில் கிடந்தபோது அவன் எந்தச் சாமியிடமும் நல்ல நாளைக் கேட்கவில்லை, ஒரு உறுமலைத்தான் கேட்டான். இந்த வண்டி உறுமும். ஒரு சாவுக்கு உறுமியிருக்கிறது.

"சரி," என்றான் கடைசியில், யாரையும் பார்க்காமல். "எடுத்துக்கறோம்."

கோன்சிக் உள்ளங்கையில் சாவியை வைத்து நீட்டினார். ஜம்யானின் கை பாதி தூரம் போய்த் தயங்கியது. பழக்கத்தில், யோசிக்காமல், வாய் தானாகச் சொன்னது:

"ஆனா அண்ணே, இன்னிக்கு செவ்வாய். கை மாத்தறத மட்டும் நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்."

கோன்சிக்கின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் ஒத்தடத் துணியோடு உட்கார்ந்திருந்த ஆளைத் தெருவில் எதிரே பார்த்தவர் போலப் பார்த்தார். பின்னிருக்கையில் ஹொர்லோ எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

தான் சொன்னது ஜம்யானின் காதில் அப்போதுதான் விழுந்தது. சாவியைப் பிடுங்குவது போல எடுத்தான்.

"குதிரைங்கள..."

"போ தம்பி. குதிரைங்க எங்க ஓடிப் போகப் போவுது. உன் புள்ள நல்லாகட்டும், அப்புறம் என் தம்பி வந்து ஓட்டிக்குவான். டீசல் நேத்தே ரொப்பிட்டேன். எண்ணெய் டப்பா பின்னாடி இருக்கு, பாதி வழியில ஊத்து. மறந்துராத."

"மறக்க மாட்டேன்."

"முதல்ல புள்ளைய இங்க கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேர்த்துரு. நாளைக்கு, நாளன்னிக்கினு வெச்சுக்காத."

ஹொர்லோ பாட்டிலைத் திருகினாள். பால் வெள்ளைக் கல்லாகியிருந்தது. பாட்டிலைப் படியில் ஓங்கித் தட்டி, உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஒன்றை வைத்தாள். அவை ஒட்டவில்லை, உருண்டு பனியில் விழுந்தன. ஜம்யான் அதைப் பார்க்காதவன் போல முன்னால் ஏறினான்.

சாவி போட்டான். மெல்லச் சுழன்றது. உடனே பிடித்தது. எஞ்சின் சூடு இன்னும் போகவில்லை, அதனால் இதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது என்று அவனுக்குத் தெரியும். உறைந்த விடிகாலைகள் இனிமேல்தான் வரும். ஒவ்வொன்றிலும் இந்தச் சாவியை முறுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரத்தின் கடைசி வேலி கடந்ததும் சாலை மண்தடமாகிப் பல கிளைகளாகப் பிரிந்தது. ஹொர்லோ மறுபடி டுல்மாவை அழைத்தாள். மணி போகவே இல்லை. பின்கண்ணாடியில் நீலப்புகை மெல்லிய நூலாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அது கனக்கிறதா இளைக்கிறதா என்று ஜம்யான் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எஞ்சினில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் அவன் தோள் இறுகியது. மகன் தூங்கும்போது மூச்சைக் கேட்பதும் இப்படித்தான்.

ஏற்றத்துக்கு முன் அந்த ஜப்பான்காரி மறுபடி ஏதோ சொன்னாள்.

"சரிடி," என்றாள் ஹொர்லோ பின்னாலிருந்து, கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல். "தெரியும். போய்க்கிட்டுத்தான் இருக்கோம்."